எழுபத்து நான்கு அடி

அபயாம்பாள் அம்மா தோடியை எடுத்துவிட்டார். இனி முப்பத்தைந்து நிமிஷத்துக்கு எனக்கு வேலை கிடையாது. அவர் இருபது நிமிஷம் பாடுவார், வயலின்காரர் பதினைந்து நிமிஷம் வாசிப்பார், அதுவரை கலியமூர்த்தி அண்ணா மிருதங்கத்தின் மேல் கையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருப்பார், நான் அவர் பக்கத்தில் கடத்தை மடியில் வைத்து அதன் வாயை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்கள், சாரநாதன் ராகத்தில் அப்படியே கரைந்துபோய்விட்டான் பார் என்பார்கள். கரைவது நான் இல்லை, வயிற்றில் புளி. கைக்கு வேலை இருக்கும்போது பயமில்லை, வாசிக்கிறவனுக்கு வயிறு இருப்பதே மறந்துவிடும். இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்தான் எனக்கு எமன். மேடையிலிருந்து இடதுபக்கம் நாலு படி, ஒரு மரக்கதவு, அதைத் தாண்டி நடைபாதை, கேண்டீன், கேண்டீனைத் தாண்டி நீலக்கதவு. மூன்று மணிக்கு வந்ததும் அளந்துவிட்டேன். எந்த ஊர் சபாவுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது மைக்கை இல்லை, மேடையை இல்லை, அந்தக் கதவைத்தான். எழுபத்து நான்கு அடி. ஆதி தாளத்தில் ஒன்பது ஆவர்த்தனமும் மேலே இரண்டு அட்சரமும். இரண்டாம் காலத்தில் நடந்தால் அதில் பாதி. தாளக்காரன் புத்தி, கழிப்பறைக்குப் போகிற வழியையும் தாளத்தில்தான் போடும். உள்ளே கொக்கி சரியாக விழுகிறதா என்றுகூடப் பார்த்துவிட்டேன், விழுகிறது.

இன்றைக்கு நான் சாப்பிட்டிருக்கிறேன். அதுதான் பயமே. ஒன்பது வருஷத்தில் கச்சேரி நாளில் ஒரு பருக்கை வாயில் போட்டதில்லை, உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே வர ஒன்றும் இருக்காது என்பது என் கணக்கு, எவ்வளவு புத்திசாலித்தனமான கணக்கு, ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. பட்டினியோடு உட்கார்ந்தாலும் வயிறு முறுக்கத்தான் முறுக்கியது. இன்றைக்கு மத்தியானம் என் மனைவி ஹேமா இலை போட்டுவிட்டாள். வெங்காயம் பூண்டு இல்லாத ரசம், குழைய வடித்த சாதம், கேரட், வாழைக்காய். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு, நீங்க பட்டினி கிடப்பீங்க, சரி, உங்க குடித்தனக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க என்றாள். குடித்தனக்காரர்கள் என்பது அவள் வைத்த பெயர். உங்கள் குடலில் கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அப்படித்தான் பேசுகிறாள், காலையில் எழுந்ததும் எனக்கு முன்னால் அவர்களைத்தான் விசாரிக்கிறாள், ராத்திரி நல்லாத் தூங்குனாங்களா என்கிறாள். சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்தையும் விஷம் சாப்பிடுகிறவன் மாதிரி மென்றேன். ஒரு மணிக்குச் சாப்பிட்டது, இப்போது ஐந்து ஆகப்போகிறது. தோடி கீழேயே நிற்கிறது, இன்னும் காந்தாரத்தை விடவில்லை அம்மா, அதையே அசைத்து அசைத்துக் காட்டுகிறார். என் வயிறும் எதையோ அசைத்துப் பார்க்கிறது. இல்லை, அது மூச்சு. மூச்சுதான்.

குடல் சிணுங்குகிற இந்த வியாதிக்கு இங்கிலீஷில் பெயர் ஐ.பி.எஸ். தமிழில் எழுதிப் பார்த்தால் போலீஸ் அதிகாரிக்கும் எனக்கும் ஒரே பட்டம். மச்சினனிடம் இதைச் சொன்னபோது, பரீட்சை எழுதாமலே பாஸாயிட்டீங்களே அத்தான் என்று சிரித்தான், அப்புறம் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணக் கச்சேரி, அங்கே சாப்பிட்ட எதுவோ ஒத்துக்கொள்ளாமல் மூன்று வாரம் காய்ச்சலும் பேதியும், இரண்டு தடவை கொத்துக் கொத்தாக மாத்திரை. காய்ச்சல் போய்விட்டது, வயிறு திரும்பி வரவில்லை. ரத்தம் கொடுத்தேன், ஸ்கேன் எடுத்தேன், வாய் வழியாக ஒரு குழாய், மறுபக்கம் ஒரு குழாய், எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். உங்களுக்கு ஒண்ணுமில்லை சார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு. ஒண்ணுமில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றுமில்லாததற்கா நான் பஸ் பயணத்தை விட்டேன், ஒன்றுமில்லாததற்கா சொந்தத் தங்கை பெண்ணின் கல்யாணத்தில் பின்வரிசையில் கதவோரம் நின்றேன். ஒருவேளை எல்லாம் என் மண்டைக்குள்தான் இருக்கிறதோ என்று நானே நினைக்க ஆரம்பித்தேன். ஒரு டாக்டர் அதையும் வாயால் சொல்லிவிட்டார், மனசைத் தைரியமா வெச்சுக்குங்க, எல்லாம் மனசுதான் என்றார். மனசு எங்கேயிருந்து இப்படிச் சத்தம் போடும், அம்மா மேலே போகிறார், பஞ்சமம், தைவதம், பின்னால் யாரோ ஆஹா என்கிறார்கள், நானும் தலையை ஆட்டிவைக்கிறேன். தலை. எதற்கெடுத்தாலும் ஆடிவிடுகிற தலை.

டாக்டர் ரஹ்மத் நிஷாதான் ஒண்ணுமில்லை என்று சொல்லாத முதல் ஆள். என்னைவிடப் பத்து வயசு சின்னவராக இருப்பார். என் ரிப்போர்ட்டுகளை ஓரமாக நகர்த்திவிட்டு, பயந்தா வயித்துல புளியைக் கரைக்குதுன்னு சொல்றோமே சார், அது சும்மா சொன்னதில்ல என்றுதான் ஆரம்பித்தார். குடலுக்கென்று தனியாக ஒரு நரம்புக்கூட்டம் இருக்கிறதாம், அதற்கும் மூளைக்கும் நேர்க்கம்பி போகிறதாம். உள்ளே குடியிருப்பவை ஏதேதோ ரசாயனங்களைச் செய்து அந்தக் கம்பி வழியாகத் தாக்கல் அனுப்பும், மூளை பயந்தால் அந்தப் பயம் அதே வழியில் கீழே இறங்கும், குடல் முறுக்கும், அது முறுக்கினால் குடியிருப்பவற்றின் பாடு மாறும், அவை திரும்ப மேலே சொல்லும். உங்களுக்கு அந்தக் காய்ச்சலில் பாதிக் குடி மாறிப்போயிருக்கலாம், நரம்பும் தொட்டால் சிணுங்கியாக ஆகியிருக்கிறது, அதனால்தான் சாதாரணக் காற்று நகர்ந்தாலே உங்களுக்குப் புயலாகத் தெரிகிறது என்றார். சரி, முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்டேன், தலையா வயிறா. எங்களுக்கே முழுசாத் தெரியாது சார், மேல ஒருத்தர் வாசிக்கிறார், கீழ ஒருத்தர் பதில் வாசிக்கிறார், அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும் என்றார். கடம் வாசிக்கிறவனிடம் போய் இதைச் சொன்னால். அந்த நாற்காலியிலேயே எனக்குக் குறைப்பு கேட்க ஆரம்பித்துவிட்டது, மிருதங்கம் எட்டு ஆவர்த்தனம், கடம் எட்டு, பிறகு நாலு நாலு, இரண்டு இரண்டு, ஒன்று ஒன்று, கடைசியில் யார் கேள்வி யார் பதில் என்று பிரிக்க முடியாமல் ஓடுகிற இடம். பூண்டு வெங்காயத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தினம் இருபது நிமிஷம் படுத்துக்கொண்டு வயிற்றில் கையை வைத்து, கை ஏறி இறங்குகிற மாதிரி மூச்சு விடுங்கள் என்றார். முழுசாகப் போய்விடும் என்று சத்தியம் செய்து தரமாட்டேன் என்றும் சொன்னார், அதனால்தான் நம்பினேன். கைக்குப் பதில் நான் கடத்தை வைத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயசில் வீட்டுக் கூடத்தில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு ஹேமா சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

போன கார்த்திகைக்கு இரண்டு வருஷம் முடிந்தது அந்தக் கச்சேரிக்கு. இதே கலியமூர்த்தி அண்ணா, இதே நான், பாட்டு நின்று தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம். அவர் மூன்று மூன்றாக ஓடுகிற திஸ்ர நடையில் ஒரு கணக்கு வாசித்தார், சுற்றிச் சுற்றிப் போய் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வந்து விழுகிற கணக்கு, வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார், பதில் சொல்லு என்று. பதில் என் கையில் இருந்தது, சத்தியமாக இருந்தது, வயிறுதான் முந்திக்கொண்டது. கடத்தைக் கீழே வைத்தேன், எழுந்தேன், போய்விட்டேன். முக்கால் மணி நேரம். வெளியே வரும்போது மங்களம் பாடி முடித்து ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், அண்ணா காரேறிப் போய்விட்டார். சபாக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க கோபம் நியாயம் சார், சொல்லாம கொள்ளாம மேடையில அப்படி ஒரு கணக்கை வாசிச்சு மடக்கப் பார்த்தது தப்புதான் என்றார்கள். அங்கே ஒரு நொடி இருந்தது. கோபமில்லை ஐயா, பேதி என்று சொல்ல ஒரே ஒரு நொடி. சங்கீதக்காரனுக்குக் கோபம் அழகு, பேதி அழகா. தலையாட்டினேன். வாயால் ஒரு சொல் சொல்லவில்லை, தலையை மேலும் கீழும் ஒரு தடவை, அவ்வளவுதான். மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு, கலியமூர்த்தி மேடையில் மடக்கினார், சாரநாதன் ரோஷத்தோடு எழுந்து போய்விட்டான். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஒரே மேடையில் உட்காரவில்லை. இன்றைக்கு அம்மா பிடிவாதமாக இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார். இன்னொரு தரம் எழுந்தால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள், அதுகூடப் போகட்டும், இன்னொரு தரமும் பழி அவர் தலையில்தான் விழும். வந்ததிலிருந்து நமஸ்காரம் என்ற ஒரு சொல்லைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. ஸ்ருதி சேர்க்கும்போதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வயலின்காரர் ஆரம்பித்துவிட்டார். இன்னும் பதினைந்து நிமிஷம். அதற்குப் பிறகு பாட்டு, நிரவல், ஸ்வரம், பிறகு தனி. வந்துவிட்டது. தொப்புளுக்குக் கீழே இடதுபக்கம், முதலில் ஒரு சின்னக் குமிழ், பிறகு ஒரு இழுப்பு, பிறகு அந்தச் சில்லிப்பு, முதுகுத்தண்டில் வேர்வை. கேரட்டா, ரசமா, வாழைக்காயைத் தொட்டிருக்கக் கூடாது, நீலக்கதவு, எழுபத்து நான்கு, உள்ளே வேறு யாராவது இருந்தால், ஒரே ஒரு அறைதான் இருக்கிறது, இருந்தால் என்ன செய்வேன். மூச்சை இழு, நாலு எண்ணு, விடு, ஆறு எண்ணு. அந்த நேரம் பார்த்து வயிறு பேசிவிட்டது. பேசிற்று என்றால், கடத்தின் வாய் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது, கடத்துக்கு முன்னால் மைக் இருக்கிறது, வயலின் மெல்லிசாக இழைகிற இடத்தில் க்ரூ... என்று ஒரு சத்தம் அரங்கம் முழுக்கப் போய் வந்தது. முன்வரிசையில் ஒருவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். கலியமூர்த்தி அண்ணா ஒரு கண்ணைத் திறந்து என் கடத்தைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முகத்தை. இங்கேயும் ஒரு நொடி இருந்தது, அதே அளவு நொடி, இதையும் விட்டால் நான் மனுஷனே இல்லை. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவர் காதருகே சாய்ந்தேன். "அண்ணா, அன்னிக்கு நான் கோவிச்சுக்கிட்டு எழுந்து போகல. வயித்தால போச்சு." அவர் புரியாமல் பார்த்தார். "ஒம்பது வருஷமா இருக்கு. உங்க மேல தப்புன்னு அவங்க சொன்னப்போ, வெட்கத்துல தலையாட்டிட்டேன். மன்னிச்சிடுங்க." சொல்லிவிட்டேன். சொல்லியே விட்டேன். அவர் முகம் என்னென்னவோ ஆயிற்று, வயலின் மேல்ஷட்ஜத்தைத் தொட்டு நின்றது, யாரோ கை தட்டினார்கள். "அட பாவி," என்றார் மெதுவாக. "உன்னை அவமானப்படுத்திட்டோம்னு நெனச்சு அந்தக் கணக்கை நான் அதுக்கப்புறம் வாசிக்கவே இல்லய்யா." இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார், கலக்குகிறது என்றேன். "போகணும்னா தொடையில ஒரு தட்டுத் தட்டு. நீ வர்ற வரைக்கும் நான் வாசிச்சுக்கிட்டே இருக்கேன்." சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். போகலாம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், ஒருவர் பார்த்துக்கொள்வார். அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது, என்ன ஆயிற்று என்று தேடிப் பார்க்கிறேன், இழுப்பு பாதிதான் இருக்கிறது. இன்னொரு மூச்சு விட்டேன், அதிலும் பாதி. மேலே இருப்பவன் ஒரு சேதி நல்லதாகச் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது, கீழே கேட்டுவிட்டது.

பாட்டு வந்தது, நிரவல் வந்தது, ஸ்வரம் வந்தது, கைகளுக்கு வேலை வந்தது. அம்மா எங்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். தனி. தனி ஆரம்பித்ததும் எந்த ஊரிலும் நடப்பதுதான், அரங்கத்தில் பத்து இருபது பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் கேண்டீனுக்கு, பாதிப் பேர் நீலக்கதவுக்கு. ஒன்பது வருஷமாக இவர்கள் மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமா, இஷ்டத்துக்கு எழுந்து போகிறார்கள் பார், ராஜாக்கள் என்று. இன்றைக்கு, போய்விட்டு வாருங்கள் ஐயா, நான் இங்கேதான் இருப்பேன் என்று தோன்றியது. அண்ணா ஒரு சுற்று, நான் ஒரு சுற்று. அவர் இரண்டாம் சுற்றில் நடையை மாற்றினார், திஸ்ரம், எனக்கு முதுகு நிமிர்ந்தது. அதே கணக்கு. அதையேதான் எடுத்தார், இரண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததை, சுற்றிச் சுற்றிப் போய் அந்த யாரும் எதிர்பார்க்காத இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணில் சிரிப்பு, கூடவே என் தொடைமேல் ஒரு பார்வை. வயிறு புரண்டது. புரளட்டும். புரளாமல் இருந்தால்தான் ஆச்சரியம், அதற்கும் அந்தக் கார்த்திகை ஞாபகம் இருக்காதா. நான் மூச்சை இழுத்தேன், வயிறு எழும்பிக் கடத்தின் வாயை அடைத்தது, அடைத்த நிலையில் ஒரு தட்டு, மூச்சை விட்டேன், வாய் திறந்தது, அந்தத் தட்டு கீழேயிருந்து கும்மென்று எழுந்து வந்தது. கூடத்தில் மல்லாந்து படுத்து நாற்பது நாள் பயத்துக்காக விட்ட மூச்சு, அது இந்தச் சத்தத்தைச் செய்யும் என்று எனக்கே தெரியாது. கணக்கை முழுசாகத் திருப்பிச் சொன்னேன், ஒரு சொல் பிசகாமல், ஒவ்வொரு அடியிலும் அந்தக் கும்காரத்தை வைத்து, கடைசியில் விழுகிற இடத்தில் வயிற்றை அப்படியே விட்டுவிட்டேன், கடம் தரையிலிருந்து பேசுகிற மாதிரி பேசிற்று. "சபாஷ்," என்றார் அண்ணா, மைக்கில் கேட்கிற மாதிரி. கதவில் கையை வைத்துக்கொண்டு நின்ற கட்டம்போட்ட சட்டைக்காரர் வெளியே போகவில்லை, கையை எடுக்கவும் இல்லை, அப்படியே நின்றார். பிறகு குறைப்பு, நாலு, இரண்டு, ஒன்று, அரை, அவரா நானா, தலையா வயிறா, எது கேள்வி எது பதில், யார் ஆரம்பித்தால் என்ன, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது அல்லவா, உள்ளே இருக்கும் அத்தனை கோடிப் பேரும் தாளம் போடுகிறார்கள், போடுங்கள் ஹேமாவின் குடித்தனக்காரர்களே, மத்தியானம் சோறு போட்டேன் இல்லையா, மோரா, முடிக்கிற கோர்வை, மூன்று தடவை, மூன்றாவதில் இரண்டு பேரும் ஒன்றாக வந்து விழுந்தோம். அம்மா பல்லவியை எடுத்துப் பாடவில்லை, கைத்தட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தார். நான் தொடையைத் தட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதுவிட்டேன், வேர்வையைத் துடைக்கிற மாதிரி துண்டால் துடைத்துக்கொண்டேன்.

மங்களம் முடிந்து எல்லாரும் எழுந்ததும் கலியமூர்த்தி அண்ணா மிருதங்கத்தை உறையில்கூடப் போடாமல் என் பக்கம் தள்ளினார். இதைப் பார்த்துக்கய்யா, பாத்ரூம் எங்கே இருக்கு என்றார், குரலில் ஒரு அவசரம். "சர்க்கரை வந்து நாலு வருஷமாச்சு. ஒவ்வொரு தனியிலயும் அடக்கிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். இதைப் போய் யார்கிட்டய்யா சொல்றது." நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார், சிரிக்க வைக்காதய்யா, தாங்காது என்றார். இடதுபக்கம் நாலு படி, கேண்டீன் தாண்டி நீலக்கதவு, எழுபத்து நான்கு அடி அண்ணா, கொக்கி நல்லா விழுது என்றேன். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரியான இரண்டாம் காலத்தில் போனார். நான் அவருடைய மிருதங்கத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்திருந்தேன், கடம் இன்னும் மடியில்தான் இருந்தது. அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. வயிற்றில் ஏதோ நகர்ந்தது, பழக்கதோஷத்தில் நெஞ்சு ஒரு அடி தவறியது, என்ன என்று கவனித்தேன், இது வேறு, இதை எனக்குத் தெரியும், கச்சேரி முடிந்து இப்படி வந்து எத்தனை வருஷமாயிற்று. க்ரூ... என்று நீளமாக ஒரு சத்தம், கடத்துக்குள் உருண்டு மைக்கில் ஏறி நாற்காலி வரிசைகளைத் தாண்டிப் போயிற்று. ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக்செட்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்து, என்ன சார் சத்தம் என்றார். நான் மைக்கை வாய்க்கு நேராக இழுத்தேன்.

"பசிக்குது," என்றேன்.